மண்மேட்டுக்கு ஒரு பதிவேடு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம் போனில் சொன்னது இரண்டே வாக்கியம். "உன் வேலையைப் பத்திப் பேசு. சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சுடு." இரண்டாவதை எப்படியும் காப்பாற்றிவிடுவேன்.

ஊரில் யாராவது கேட்டால் "பையன் நிலக்கரிச் சுரங்கத்துல இன்ஜினியர்" என்று அம்மா பெருமையாகச் சொல்லிவிடுவார். கேட்பவர்கள் உடனே நான் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு பூமிக்குள் இறங்குவதாக நினைத்துக்கொள்கிறார்கள். நான் இறங்குவதே இல்லை. ஏறுகிறவன். திறந்தவெளிச் சுரங்கத்தில் கரிக்கு மேலே இருக்கும் மண்ணையும் பாறையையும் அள்ளி ஓரிடத்தில் மலை போலக் குவிப்பார்கள் அல்லவா, அந்த மலை நிற்குமா சரியுமா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. கரியைக் கழுவினால் மிஞ்சுகிற கருஞ்சேற்றைத் தேக்கி வைக்கக் கரை கட்டுவார்கள். அதையும் பார்ப்பதுண்டு. சுருக்கமாகச் சொன்னால், கரிக்குச் சம்பளம் வாங்குபவர்கள் ஆயிரம் பேர். கரி எடுத்த பிறகு மிஞ்சிய குப்பைக்குச் சம்பளம் வாங்குபவன் நான்.

இந்தக் குப்பை எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்கு சொல்கிறேன். நம் கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் 1957-இல் சுரங்க வேலை தொடங்கியது. அங்கே ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்குக் குறையாமல் மேல்மண் அகற்ற வேண்டும். ஒரு டன்னுக்கு இவ்வளவு என்றால், ஆண்டுக்கு கோடிக்கணக்கான டன் எடுக்கிற இடத்தில் என்ன ஆகும்? நெய்வேலிப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள், சமவெளியான அந்தப் பகுதியில் திடீரென்று மரம் முளைத்த குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். இயற்கை வைத்த குன்றுகள் அல்ல, மனிதன் கொட்டியவை.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தை விளக்குவது எனக்குச் சுலபம். நாம் ஏரிக்கரை பார்த்து வளர்ந்தவர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பியதும் பெரியவர்கள் கரை மேல் நடந்து என்ன பார்த்தார்கள்? கரையின் மேல்பக்கம் நீளமாக வெடிப்பு விட்டிருக்கிறதா, அடிக்கரை உப்பியிருக்கிறதா, எலி வளை இருக்கிறதா, கசிவு இருந்தால் அந்தத் தண்ணீர் தெளிவாக வருகிறதா கலங்கலாக வருகிறதா. தெளிந்து வந்தால் காவல் போடுவார்கள். கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் அரிபடுகிறது என்று அர்த்தம், ஊரையே கூப்பிடுவார்கள். நான் கல்லூரியில் மண் இயக்கவியலில் படித்ததும், பிறகு வேலையில் கற்றுக்கொண்டதும் ஏறக்குறைய இதேதான்.

வித்தியாசம் ஒன்று உண்டு. ஏரிக்கரைக்குத் தண்ணீர் ஒரு பக்கம் நிற்கிறது. எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. சுரங்க மண்மேட்டுக்குத் தண்ணீர் உள்ளே நிற்கிறது. கரையை மண் போட்டு, மிதித்து, இறுக்கிக் கட்டினார்கள். மண்மேட்டை யாரும் கட்டவில்லை. டம்பர் லாரி பின்னால் வந்து கவிழ்த்துவிட்டுப் போகிறது. மழை பெய்தால் மேட்டின் உள்ளே எங்கே தண்ணீர் தங்குகிறது, அடியில் பழைய ஊற்று ஏதாவது இருக்கிறதா, இதெல்லாம் வெளியிலிருந்து தெரியாது. தெரிவதெல்லாம் சின்னச் சின்ன அடையாளங்கள்தான். ஓரிடத்தில் அரை விரல் அகல வெடிப்பு. ஓரிடத்தில் சக்கரம் வழக்கத்தைவிட ஆழமாகப் பதிவது. ஓரிடத்தில் அடிவாரத்துப் புதர் சாய்ந்து நிற்பது.

அந்த அடையாளத்தைக் காலை ஷிப்டுக்காரர் பார்ப்பார். மாலை ஷிப்டுக்காரருக்கு அது தெரியாது. வெடிப்பு புதிதா பழையதா, நேற்றைவிட அகலமா என்று சொல்ல நேற்றைய அளவு வேண்டும். அதற்காகத்தான் பதிவேடு. இன்று நான் பேச வந்தது அந்த ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றித்தான். ரொம்பச் சலிப்பான விஷயம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1966 அக்டோபர் 21. வேல்ஸ் நாட்டில் அபர்ஃபான் என்ற சுரங்க கிராமம். ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஏழு கழிவு மேடுகள். ஏழாவது மேட்டை 1958-இல் ஓர் ஊற்றின் மேலேயே கொட்டத் தொடங்கியிருந்தார்கள். அன்று காலை ஏழரை மணி வாக்கில் மேட்டில் வேலைக்குப் போனவர்கள் அதன் தலை சுமார் மூன்று மீட்டர் இறங்கியிருப்பதைப் பார்த்தார்கள். கீழே சொல்ல டெலிபோன் இல்லை, கம்பியைத் திருடிவிட்டிருந்தார்கள். ஓர் ஆள் மலையிறங்கி நடந்து போய்ச் சொன்னார். ஒன்பதே கால் மணிக்கு மேடு சரிந்து, கீழே இருந்த பாண்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளியின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள். அதில் 116 பேர் குழந்தைகள்.

டெலிபோன் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்களா என்று விசாரணை மன்றம் ஆராய்ந்தது. அந்த வேகத்துக்கு அதுவும் உதவியிருக்காது என்றுதான் முடிவு சொன்னது. தப்பிக்க வாய்ப்பு இருந்தது அன்று காலையில் அல்ல, அதற்கு முந்தைய ஆண்டுகளில். 1944-இல் அதே மலைச்சரிவில் நான்காவது மேடு சரிந்தது. 1963-இல் ஏழாவது மேடே ஒரு முறை நகர்ந்தது. அதே 1963-இல், பள்ளிக்குப் பின்னால் சேறு கொட்டப்படுவது ஆபத்து என்று உள்ளூர் நகராட்சியின் பொறியாளர் சுரங்க நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். கடிதம் போய்ச் சேர்ந்தது. பதிலும் வந்தது. மேட்டில் கொட்டுவது நிற்கவில்லை. 1967-இல் வந்த விசாரணை அறிக்கை, பொறுப்பு முழுவதும் அரசாங்கத்தின் தேசிய நிலக்கரி வாரியத்தினுடையது என்று கூறியது. மேடுகளைப் பற்றி அந்த வாரியத்துக்குக் கொள்கை என்று ஒன்றே இல்லை. முறையாகப் பார்வையிடுவதும் இல்லை, பார்த்ததை எழுதி வைப்பதும் இல்லை.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் சுரங்கச் சட்டப்படி, அபர்ஃபான் விபத்து முறைப்படி அறிக்கை செய்ய வேண்டிய விபத்தே அல்ல! ஏனென்றால் இறந்தவர்களில் சுரங்கத் தொழிலாளி ஒருவரும் இல்லை. வேலியின் உள்ளே இருப்பவனுக்கு அடிபட்டால் ஃபாரம் உண்டு. வேலிக்கு வெளியே 116 குழந்தைகள் என்றால் அதற்கு ஃபாரத்தில் கட்டமே இல்லை. 1969-இல் மேடுகளுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் இந்த நிலைமை மாறியது.

அடுத்தது அமெரிக்கா. 1972 பிப்ரவரி 26, மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ க்ரீக் என்ற ஓடைப் பள்ளத்தாக்கு. கரிக் கழிவையே கொட்டிக் கட்டிய அணை. அதுவும் பழைய சேற்றின் மேல். உபரி நீர் வெளியேற நம் ஊர் ஏரிக்கு இருக்கும் கலங்கல் மாதிரி எதுவும் கிடையாது, ஒரு குழாய் மட்டும். தொடர் மழை. முந்தின இரவில் அளவுகுச்சி நட்டு, தண்ணீர் மணிக்கு மணி ஏறுவதைக் கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கீழே வரிசையாக இருந்த பதினாறு குடியிருப்புகளுக்கு முறையாக எச்சரிக்கை போகவில்லை. காலை எட்டு மணிக்கு அணை உடைந்தது. 125 பேர் இறந்தார்கள், நாலாயிரம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். கம்பெனி அதைத் தெய்வச் செயல் என்று சொல்லியது.

நான் கவனிக்கச் சொல்வது வேறு. உடைவதற்கு நாலு நாள் முன்னால் அரசாங்க ஆய்வாளர் ஒருவர் வந்து பார்த்து, அணையின் நிலை 'திருப்திகரம்' என்று பதிந்துவிட்டுப் போயிருந்தார்.

இந்த 'திருப்திகரம்' என்ற வார்த்தை இருக்கிறதே, அதுதான் என் தொழிலின் முதல் எதிரி என்று நினைக்கிறேன். தண்ணீர் எத்தனை அடி? கசிவு எங்கே? கலங்கலா தெளிவா? எதுவும் அந்த வார்த்தையில் இல்லை. அடுத்து வருபவன் ஒப்பிட்டுப் பார்க்க அதில் ஒன்றும் கிடையாது.

அமெரிக்கர்கள் பிறகு விதிமுறையை மாற்றினார்கள். இத்தகைய அணைகளைத் தகுதி பெற்ற ஒருவர் ஏழு நாளுக்கு ஒரு முறையாவது பார்வையிட வேண்டும், கருவிகளின் அளவைக் குறிக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறை பதிவு பெற்ற பொறியாளர் சான்றளிக்க வேண்டும். ஆபத்து அறிகுறி தெரிந்தால் உடனே மாவட்ட அதிகாரிக்குத் தகவல், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பார்வை. அந்த விதியில் எனக்குப் பிடித்தது அந்த 'எட்டு மணி நேரம்'. ஆபத்து வந்தால் பதிவேட்டின் வேகமும் கூட வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். தன்பாத்தில் இருக்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் மூலம் 1902-இல் தொடங்கியது. 1957-ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க விதிகளுக்குப் பதிலாக 2017-இல் புதிய விதிகள் வந்தன. மண்மேட்டின் சரிவு 37.5 பாகைக்கு மேல் இருக்கக் கூடாது, 30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் படி வெட்ட வேண்டும் என்றெல்லாம் அவற்றில் உண்டு. விதி இல்லாத நாடு அல்ல இது. ஆனாலும் அந்த விதிகள் வருவதற்குச் சில மாதம் முன்பு, 2016 டிசம்பர் 29 மாலையில், ஜார்க்கண்டின் கோடா மாவட்டத்தில் ராஜ்மஹல் திறந்தவெளிச் சுரங்கத்தின் லால்மாட்டியா பகுதியில் மண்மேடு சரிந்து 23 பேர் புதைந்து போனார்கள். மேடு மட்டுமல்ல, அது நின்ற தரையே 300 மீட்டர் நீளத்துக்கு 110 மீட்டர் அகலத்துக்கு, சுமார் 35 மீட்டர் கீழே இறங்கியது. 95 லட்சம் கன மீட்டர் மண். தரைக்குள் மறைந்திருந்த பாறைப் பிளவு காரணமாக இருக்கலாம் என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். விரிசல் இருப்பதை முன்பே பார்த்துச் சொன்னோம் என்று தொழிலாளர்கள் கூறியதாகச் செய்திகள் வந்தன. பாறைப் பிளவு மறைந்திருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். வெடிப்பு மறைவதில்லை. அது மேலே, கால் படும் இடத்தில் இருக்கும்.

இனி என் அனுபவம் ஒன்று. வட மாநிலம், பெயர் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுரங்கத்தின் மேட்டைப் பார்வையிட எங்கள் குழுவை அழைத்திருந்தார்கள். முதலில் ரிஜிஸ்டரைக் கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தார்கள். மூன்று மாதம், ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட், எல்லாக் கட்டத்திலும் 'சப் டீக்'. எல்லாம் நலம் என்று அர்த்தம். மழைக்காக வேலையே நிறுத்தப்பட்டிருந்த நாட்களிலும் சப் டீக். ஒரே பேனா, ஒரே கையெழுத்து வேறு.

அதை எழுதிய சர்தாரிடம் கோபப்படாமல் கேட்டேன். அவர் சொன்ன பதிலைத் தமிழில் சொல்கிறேன். "சார், வெடிப்புன்னு எழுதினா யார் எழுதினது, ஏன் எழுதினேன்னு நாலு பேர் கேப்பாங்க. டீக்னு எழுதினா யாருமே கேக்க மாட்டாங்க." படித்த படிப்பு, வாங்கிய பட்டம் எல்லாவற்றையும் விட இந்த ஒரு பதிலில் நான் கற்றது அதிகம். பொய் எழுதியது அவர் கை. எழுத வைத்தது அவரைச் சுற்றி இருந்த நிர்வாகம்.

உண்மையான பதிவேடு வேறொருவர் சட்டைப் பையில் இருந்தது. வயதான டம்பர் டிரைவர் ஒருவர், பிகார்க்காரர், டிரிப் கணக்குக்காகச் சின்ன நோட்டு வைத்திருந்தார். டிரிப்புக்குப் பக்கத்தில் சில நாட்களில் மட்டும் ஒரு குறிப்பு: தெற்கு முனை, பின்சக்கரம் இறங்குகிறது. தேதியோடு. ஆறு வாரத்தில் ஒன்பது முறை. அந்த இடத்துக்குப் போய்ப் புல்லை விலக்கிப் பார்த்தால் வெடிப்பு. இரண்டு பக்கமும் முளை அடித்து டேப் வைத்து அளந்தோம். முதல் நாளில் நாலு மில்லிமீட்டர் அகன்றது. அடுத்த நாள் ஆறு. மூன்றாம் நாள் பதினொன்று. எத்தனை மில்லிமீட்டர் என்பதல்ல பயம். நாளுக்கு நாள் வேகம் கூடுகிறதே, அதுதான் பயம். இன்று பெரிய சுரங்கங்களில் ரேடார் வைத்து இதையே நொடிக்கு நொடி பார்க்கிறார்கள். ஆனால் முளையும் டேப்பும் பொய் சொல்லாது. விலையும் முப்பது ரூபாய்க்கு மேல் இல்லை, டேப்பைத் தவிர.

மேலாளருக்கு மகிழ்ச்சி இல்லை. "மூணு நாள் டேப் அளவை வச்சுக்கிட்டு வேலையை நிறுத்தச் சொல்றீங்களா?" நிறுத்தச் சொல்லவில்லை, வடக்கு முனைக்கு மாற்றச் சொன்னோம். கீழே பம்ப் கொட்டகையும், அதை ஒட்டிய டீக்கடைக் கூடாரமும் இருந்தன. அவற்றை அகற்றி வேலி போடச் சொன்னோம். மாற்றினார்கள். லாரிகள் ஒன்றரைக் கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்ற வேண்டி வந்தது. டீசல் செலவு ஏறியது. தெற்கு முனையில் கொட்டுவது நின்றதும் வெடிப்பு அகலுவதும் குறைந்து, பிறகு நின்றுவிட்டது.

மேடு விழவில்லை. கொட்டிக்கொண்டே இருந்திருந்தால் விழுந்திருக்குமா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அந்த மேலாளர் கணக்கில் எங்களால் ஏற்பட்ட நஷ்டம் ரூபாய் பைசாவோடு எழுதப்பட்டிருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் எழுத என்னிடம் ஒரு தொகையும் இல்லை. இந்தத் தொழிலின் சங்கடம் இது. விபத்து நடந்தால் கணக்கு உண்டு, நடக்காததற்குக் கணக்கு இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் எங்களை அழைக்கவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போவதற்கு முன் ரிஜிஸ்டரில் மட்டும் ஒரு மாற்றம் செய்துவிட்டு வந்தோம். 'நிலைமை' என்ற கட்டத்தையே எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக, எந்த இடம், என்ன அளவு, நேற்று என்ன அளவு, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன செய்தார். கடைசிக் கட்டத்தை எழுதுபவர் நிரப்பக் கூடாது. கேட்டவர்தான் தன் கையால் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். சர்தார் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இப்ப மாட்டிக்கிறது நான் இல்ல சார், அவங்க" என்றார்.

இதை இங்கே ஏன் சொல்கிறேன்? நம் கல்லூரியில் படித்தவர்களில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனவர்கள் அதிகம் இல்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் கல்குவாரிகளும் கிரஷர்களும் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் அங்கே சூப்பர்வைசர்களாக இருக்கிறீர்கள், சிலர் வீட்டில் லாரி ஓடுகிறது. 2021 பிப்ரவரியில் நம் மதூரில் குவாரி சரிந்து உயிர் போனது, பக்கத்து ஊரிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் இருப்பீர்கள். குவாரிக்கும் அதே தன்பாத் இயக்ககம்தான். 1961-ஆம் ஆண்டு விதிகள் அதற்கென்று உண்டு. குவாரியின் ஓரத்தில் கொட்டி வைக்கும் மேல்மண்ணும் கல்தூளும் சின்ன அளவிலான அதே மேடுதான். மழை அதற்கும் அதே மழைதான்.

கணக்குக் காட்டுவது என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகச் சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டு இருக்கிறது. குடவோலை, குடவோலை என்று வருகிற விருந்தாளிக்கெல்லாம் காட்டிப் பெருமைப்படுகிறோம். முப்பது குடும்புகள், அதில் ஆறு பேர் ஏரி வாரியத்துக்கு. எனக்கு ஓலையைவிடப் பிடித்தது அதற்கு அடுத்த நிபந்தனை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினரும் முடியாது! இன்றைய ஒப்பந்தக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே யாராவது ஒரு சீனியர் ஒரு கட்டு பேப்பரைக் கொண்டுவந்து வைப்பார். "போன மாசத்து ரிஜிஸ்டர், பெண்டிங். சும்மா கையெழுத்துப் போடுப்பா, ஆடிட் வருது" என்பார். கெட்டவராக இருக்க மாட்டார். டீ வாங்கிக் கொடுக்கிற நல்ல மனுஷராகவே இருப்பார். நீங்கள் சண்டை போட வேண்டாம். "சார், நான் சேர்ந்த தேதியிலிருந்து போடறேன், அதுக்கு முந்தினது நான் பார்க்கலையே" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார். அவ்வளவுதான். சிலர் வேலையே போய்விடுமோ என்று பயப்படுவீர்கள். அந்தப் பயத்தை நான் லேசாகச் சொல்லவில்லை. வீட்டு நிலைமை எல்லோருக்கும் ஒன்றல்ல. அதனால்தான் கூடவே சொல்கிறேன், தனியாக இருந்தால் எங்கள் யாருக்காவது போன் போடுங்கள். இந்தச் சங்கம் ஆண்டுக்கொரு முறை பிரியாணி சாப்பிட மட்டும் அல்ல என்று தலைவர் அண்ணனும் போன வருடம் சொன்னார்.

நான் சொன்ன அந்தப் பதிவேட்டுப் பக்கத்தைத் தமிழில் போட்டு, குவாரிக்கும் ஏரிக்கரைக்கும் ஏற்ற மாதிரி மாற்றி, நூறு பிரதி ஜெராக்ஸ் எடுத்து வந்திருக்கிறேன். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில், பெயர் பதிவு செய்யும் மேசையில் இருக்கிறது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். குவாரியில் வேலை பார்ப்பவர்கள் இருந்தால் ஒரு ஐந்து நிமிடம் என்னோடு பேசிவிட்டுப் போங்கள். முளை அடிக்க வேண்டிய இடம் எது என்று படம் போட்டுக் காட்டுகிறேன்.